தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகுமா?

2025 ஜூன் மாதத்தில் ஒரு மாலை. பத்மாராவ் நகர் வீட்டில் டி.வி. முன்னால் நானும் என் பேரனும் உட்கார்ந்திருந்தோம். மும்பை அந்தேரியில் நடந்த ரக்பி பிரீமியர் லீக் ஓடிக்கொண்டிருந்தது. ரக்பி என்றால் எனக்கும் புதுசுதான். ஆனாலும் 'ஹைதராபாத் ஹீரோஸ்' என்று நாம் பிழைக்க வந்த ஊரின் பெயரில் ஒரு அணி, 'சென்னை புல்ஸ்' என்று பிறந்த ஊர்ப் பக்கத்துப் பெயரில் ஒரு அணி. எந்தப் பக்கம் கைதட்டுவது என்ற நம் பழைய சங்கடம் இங்கேயும் வந்துவிட்டது. கடைசியில் கோப்பை சென்னைக்குப் போனது வேறு கதை.

சிறிது நேரம் பார்த்துவிட்டுப் பேரன் கேட்டான்: "என்ன தாத்தா இது, ஒருத்தன் மேல ஒருத்தன் விழறான், இடுப்பப் புடிச்சுக் கவுக்கறான், யாருமே ஹெல்மெட் போடலியே? என்னை மட்டும் நெட்ஸ்ல ஒரு நிமிஷம் கழட்ட விட மாட்டேங்கறீங்க!"

பதிமூன்று வயசுப் பையன் கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நான் டாக்டர் இல்லை, விளையாட்டு வீரனும் இல்லை. ரயில்வேயில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். ஆனால் அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் எங்கள் வீட்டில் ஒரு சம்பவம் நடந்திருந்தது (அதைப் பின்னால் சொல்கிறேன்). அதனால் அவன் கேள்வியைத் தட்டிக்கழிக்க மனசு வரவில்லை. தேடிப் படித்ததையும், விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டதையும் நம் சங்கக் குடும்பங்களுக்காக இங்கே எழுதுகிறேன். நம் வீடுகளில் மட்டை பிடிக்காத பிள்ளை எது? நம் செகந்திராபாத் தமிழ்ப் பெண் மிதாலி ராஜ் ஆடிப் பெயர் வாங்கிய பிறகு பெண் குழந்தைகளும் கிட் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

முதலில் மண்டைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். வீட்டில் முற்றிக் காய்ந்த தேங்காய் ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டிப் பாருங்கள். கொப்பரை ஓட்டை விட்டுக் கழன்று உள்ளே லொடலொடவென்று உருளும். நம் மூளையும் ஏறக்குறைய அப்படித்தான். மண்டையோட்டோடு ஒட்டிக்கொண்டு இல்லை. சுற்றிலும் நீர், நடுவே மிதக்கிறது. கொப்பரை மாதிரி கெட்டியாகவும் இல்லை, வழுக்கைத் தேங்காய் மாதிரி கொழகொழப்பானது. இப்போது தேங்காய்க்கு இரண்டு விதமாகச் சேதம் வரலாம். ஒன்று, பிள்ளையார் கோவில் வாசலில் விடலை போடுவது போல ஓடு உடைவது. இன்னொன்று, ஓட்டில் கீறல்கூட இல்லாமல் உள்ளே இருப்பது குலுங்கி அடிபடுவது. முதலாவது மண்டையோட்டு முறிவு. இரண்டாவதைத்தான் 'கன்கஷன்' என்கிறார்கள். மூளைக் குலுக்கம் என்று வைத்துக்கொள்வோம்.

கட்டுரை முழுதும் இந்த வித்தியாசத்தில்தான் நிற்கிறது. தலைக்கவசம் முதல் வகை ஆபத்தை நன்றாகத் தடுக்கும். இரண்டாவது வகையை அரைகுறையாகத்தான் தடுக்கும், சில சமயம் தடுக்கவே தடுக்காது.

கிரிக்கெட் பந்து சுமார் 160 கிராம். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அதன் ஆற்றல் ஏறக்குறைய 120 ஜூல். அந்தக் கல் போன்ற பொருள் ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் இறங்குகிறது. ஓடு பிளக்காமல் என்ன செய்யும்? ஹெல்மெட்டின் கடினமான மேலோடு அந்த அடியைப் பெரிய பரப்பில் பரத்திவிடுகிறது, உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சு நசுங்கிக் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது. ரக்பியில் வருவது பந்து இல்லை, ஆள். 100 கிலோ ஆள் விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடி வந்தால் 1250 ஜூல், அதாவது பந்தைப் போலப் பத்து மடங்கு. அது ஒரு புள்ளியில் இறங்குவதில்லை. தோளோ இடுப்போ மோதி, தலையை வெடுக்கென்று பக்கவாட்டில் திருப்புகிறது. ஓடு தப்பிவிடும், உள்ளே இருக்கும் கொப்பரை சுழலும்.

ரக்பிக்காரர்களில் சிலர் தலையில் மெத்து மெத்தென்று ஒரு குல்லாய் போடுவார்கள், 'ஸ்க்ரம் கேப்' என்று பெயர். உலக ரக்பி அமைப்பின் விதிப்படி அது மென்மையாகத்தான் இருக்க வேண்டும், பஞ்சின் கனம் சுமார் 1 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. ஏன் இந்தக் கட்டுப்பாடு? கடினமாக இருந்தால் போட்டவனுக்குக் கவசம், எதிராளிக்கு ஆயுதம். அந்தக் குல்லாய் காது மடல் பிய்யாமல், தோல் கிழியாமல் காக்கும். மூளைக் குலுக்கத்தை? ஆஸ்திரேலியாவில் 4000-க்கும் மேற்பட்ட இளம் ஆட்டக்காரர்களை வைத்துச் சோதித்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், குல்லாய் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் மூளைக் குலுக்க விகிதத்தில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. ஜப்பானில் உயர்நிலைப் பள்ளி ரக்பிக்காரர்களுக்குக் குல்லாயைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். மற்ற பல நாடுகளில் இஷ்டப்பட்டவர் போடலாம். அண்மை ஆண்டுகளில் கனமான புதிய வகைகளைச் சோதனை முறையில் அனுமதிக்கிறார்கள்.

அப்படியானால் கடினமான ஹெல்மெட்டையே மாட்டிவிட்டால் என்ன என்று கேட்கலாம். அதையும் அமெரிக்காக்காரன் செய்து பார்த்துவிட்டான். அவர்கள் ஊர் ஃபுட்பால் நம் ஃபுட்பால் இல்லை, ரக்பிக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி. அவர்களுடைய என்.எஃப்.எல். 1943-ல் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. மண்டை உடைவது குறைந்தது. ஆனால் ஹெல்மெட் இருக்கிற தைரியத்தில் தலையையே முட்டுக்கட்டையாக்கி ஆட்டுக்கடா போல முட்ட ஆரம்பித்தார்கள். 1976-ல் பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் தலையால் முட்டுவதற்குத் தடை போட வேண்டி வந்தது. அப்புறமும் சின்னச் சின்னக் குலுக்கல்கள் வருஷக்கணக்கில் சேர்ந்தன. 2002-ல் இறந்த மைக் வெப்ஸ்டர் என்ற பழைய வீரரின் மூளையை டாக்டர் பெனட் ஓமலு பரிசோதித்தபோதுதான் அந்தச் சேதம் உலகத்துக்குத் தெரிந்தது. ஹெல்மெட் போடாத ரக்பியிலும் இதே கதைதான். 2003 உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியின் ஸ்டீவ் தாம்ப்சன், நாற்பதுகளிலேயே மறதி நோய் வந்து, அந்தக் கோப்பையை வென்றதே தனக்கு நினைவில்லை என்று சொன்னார். படித்துவிட்டு இரண்டு நாள் எனக்கு என்னவோ போலிருந்தது.

குத்துச்சண்டையில் இன்னும் வேடிக்கை. அமெச்சூர் ஆண்கள் போட்டிகளில் 2013-ல் தலைக்காப்பை எடுத்தே விட்டார்கள். காப்பு இல்லாதபோது மூளைக் குலுக்கம் குறைகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் வெறுந்தலையோடு மோதினார்கள், பெண்கள் காப்போடு. நம் நிஜாமாபாத் பெண் நிகத் ஜரீன் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் காப்பு மாட்டிக்கொண்டுதான் ஆடினார். ஒரே விளையாட்டு, ஒரே வகை அடி, ஆணுக்கு ஒரு நியாயம் பெண்ணுக்கு ஒரு நியாயம். இதற்கு எனக்குத் திருப்தியான விளக்கம் கிடைக்கவில்லை.

இனி நம் கிரிக்கெட்டுக்கு வருவோம். இங்கே கதை வேறு.

1962 மார்ச் மாதம். மேற்கிந்தியத் தீவுகளில் பார்படாஸின் பிரிட்ஜ்டவுன் மைதானம். இந்திய அணித் தலைவர் நாரி கான்ட்ராக்டர், சார்லி கிரிஃபித் வீசிய பந்தில் காதுக்கு மேலே அடிபட்டு விழுந்தார். மண்டையோடு உடைந்தது. அறுவை சிகிச்சைக்கு ரத்தம் கொடுத்தவர்களில் எதிரணித் தலைவர் ஃபிராங்க் வொரலும் ஒருவர். கான்ட்ராக்டர் பிழைத்தார். தலைக்குள் உலோகத் தகடு வைத்தவர் நம் வேலூரில் இருந்த டாக்டர் சாண்டி. அந்தத் தகடு அறுபது வருஷம் அவர் தலையிலேயே இருந்து, 2022-ல்தான் மும்பையில் எடுக்கப்பட்டது. மறுபடி மட்டை பிடித்து ரஞ்சி ஆட்டங்கள் ஆடினார். டெஸ்ட் ஆட்டம் மட்டும் அவருக்குக் கிடைக்கவே இல்லை.

இதில் ஹைதராபாத் எங்கே வருகிறது என்கிறீர்களா? மூன்று விதத்தில் வருகிறது. அந்தச் சுற்றுப்பயணத்தில் நம் ஊர் ஜெய்சிம்ஹா இருந்தார். கான்ட்ராக்டர் விழுந்ததும் 21 வயதில் தலைமை ஏற்ற பட்டோடி நவாப், பின்னாளில் அதே ஜெய்சிம்ஹா தலைமையில் ஹைதராபாத் அணிக்கு ரஞ்சி ஆடியவர். மூன்றாவதுதான் சுவாரசியம். வேகப்பந்தைச் சமாளிக்க நம்மவர்களுக்குப் பழக்கம் வேண்டும் என்று, கிரிக்கெட் வாரியம் 1962-63 பருவத்துக்கு நான்கு மேற்கிந்திய வேகப்பந்து வீச்சாளர்களைக் கூட்டிவந்து உள்ளூர் அணிகளில் ஆடவைத்தது. அதில் ஹைதராபாத்துக்கு வந்தவர் ராய் கில்கிறிஸ்ட். தலையைக் குறிவைத்து நேராக வீசுகிறார் என்று 1958-59 இந்தியப் பயணத்திலிருந்து பாதியில் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்ட அதே மனுஷர்! அவரை எதிர்த்து வங்காளத்தின் பங்கஜ் ராய் ஒரே ஆட்டத்தில் இரண்டு சதம் அடித்தார். தலையில் துணித் தொப்பிதான். கவனியுங்கள், ஒருவர் மண்டை உடைந்தது என்றதும் வாரியத்துக்குத் தோன்றியது 'இன்னும் வேகமான பந்தை ஆடிப் பழகு' என்பதுதான். 'தலையை மூடு' என்று தோன்றவில்லை.

தோன்றாமல் இருந்ததும் இல்லை. இங்கிலாந்தின் பாட்ஸி ஹென்ட்ரன் 1933-லேயே ரப்பர் வைத்துத் தைத்த மூன்று விளிம்புத் தொப்பி போட்டு வந்தார். அப்புறம் நாற்பது வருஷத்துக்கும் மேல் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. 1977-ல் கெர்ரி பேக்கரின் போட்டிகளில் டென்னிஸ் அமிஸ் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு இறங்கினார். டெஸ்ட் ஆட்டத்தில் முதலில் போட்டவர் ஆஸ்திரேலியாவின் கிரகாம் யாலப். எப்போது, எங்கே தெரியுமா? 1978 மார்ச்சில், அதே பிரிட்ஜ்டவுனில். கான்ட்ராக்டர் விழுந்து சரியாகப் பதினாறு வருஷம் கழித்து.

விவியன் ரிச்சர்ட்ஸ் கடைசிவரை போடவில்லை. கவாஸ்கர் வெகுநாள் தொப்பியோடு ஆடிவிட்டு, பின்னால் மண்டையை மட்டும் மூடும் சின்னக் கவசம் ஒன்றுக்கு வந்தார். என் வயசுக்காரர்கள் இதைச் சொல்லித்தான் சண்டைக்கு வருவார்கள்: "கவாஸ்கர் போட்டானா?" கவாஸ்கருக்கு இருந்த கண்ணும் காலும் நம் தெருப் பையனுக்கு இருக்கிறதா என்று நான் திருப்பிக் கேட்பேன். தவிர, 1976-ல் கிங்ஸ்டனில் ஹோல்டிங் பந்தில் காது ஜவ்வு கிழிந்த அன்ஷுமன் கெய்க்வாடின் பெயரை இவர்கள் சொல்வதே இல்லை.

மட்டைக்காரர் மட்டும்தான் என்பதும் இல்லை. 1998 பிப்ரவரியில் டாக்காவில் ஒரு கிளப் ஆட்டம். ராமன் லம்பா ஷார்ட் லெக்கில் நின்றார். மூன்று பந்துதான் பாக்கி, ஹெல்மெட் எதற்கு என்று சொல்லிவிட்டார். மட்டையிலிருந்து வந்த பந்து தலையில் பட்டது. தானே எழுந்து நடந்து உள்ளே போனார். மூன்றாம் நாள் உயிர் போய்விட்டது. அவர் எழுந்து நடந்தார் என்பதை நினைவில் வையுங்கள், திரும்ப அங்கே வருவோம்.

இத்தனைக்குப் பிறகும் கட்டாயம் என்ற சொல் மெதுவாகத்தான் வந்தது. இங்கிலாந்து 2000-த்தில் 18 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டாயமாக்கியது. 2014 நவம்பரில் சிட்னியில் பிலிப் ஹியூஸ் இறந்தார். அவர் ஹெல்மெட் போட்டுத்தான் இருந்தார். பந்து பட்டது ஹெல்மெட் மூடாத இடத்தில், இடது காதுக்குக் கீழே கழுத்தில். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி கிழிந்துவிட்டது. வயது 25. அதற்குப் பிறகுதான் பின்கழுத்தை மூடும் 'நெக் கார்டு' பேச்சுக்கு வந்தது. ஐ.சி.சி. 2023 ஜூன் 1 முதல் மூன்று இடங்களில் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது: வேகப்பந்தை ஆடும் மட்டைக்காரர், ஸ்டம்புக்கு அருகில் நிற்கும் கீப்பர், மட்டைக்காரருக்கு முன்னால் நெருங்கி நிற்கும் ஃபீல்டர். அதே ஆண்டு அக்டோபரில் ஆஸ்திரேலியா தன் மண்ணில் வேகப்பந்தை ஆடுவோருக்கு நெக் கார்டையும் கட்டாயமாக்கியது. ஆனாலும் 2025 அக்டோபரில் மெல்போர்னில் 17 வயதுப் பையன் ஒருவன், ஹெல்மெட் போட்டு நெக் கார்டு இல்லாமல் வலைப் பயிற்சியில் ஆடும்போது கழுத்தில் அடிபட்டு இறந்தான். சட்டம் பெரிய ஆட்டங்களுக்கு வந்துவிட்டது, வலைக்கு வந்து சேரவில்லை.

இப்போது எங்கள் வீட்டுச் சம்பவம். ஏப்ரல் மாதம், செகந்திராபாத்தில் ஒரு கோடைக்காலப் பயிற்சி முகாம். பெயர் வேண்டாம். பேரனுக்குப் பந்து எகிறி ஹெல்மெட்டின் பக்கத்தில் பட்டது. ஓடு பத்திரம், தலையில் ஒரு வீக்கம்கூட இல்லை. "ஏம் காலேது, ஆடு" என்றார் பயிற்சியாளர். ஒன்றும் ஆகவில்லை, ஆடு என்று. அவனும் இன்னும் அரை மணி நேரம் ஆடிவிட்டு வந்தான். நானும் மோர் கொடுத்து, 'ஹெல்மெட் இருந்ததோ பிழைச்சோமோ' என்று பகவானுக்கு நன்றி சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்க உட்கார்ந்தேன். ராத்திரி எட்டு மணிக்குத் தலையைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை வாந்தி எடுத்தான். டியூப்லைட் வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்றான். காலையில் என்ன டிபன் சாப்பிட்டோம் என்பது அவனுக்கு நினைவு வரவில்லை. அப்போது என் மருமகள் முகம் இருந்த இருப்பை எழுத முடியாது. சி.டி. ஸ்கேனில் ரத்தக் கசிவு இல்லை. டாக்டர், "ஸ்கேன் சுத்தமா இருக்குன்னா கன்கஷன் இல்லேன்னு அர்த்தம் இல்லை சார். குலுங்கினது படத்துல தெரியாது" என்றார். முதல் இரண்டு நாள் முழு ஓய்வு, அப்புறம் படிப்படியாக நடை, படிப்பு, ஓட்டம், கடைசியில்தான் பந்து. மூன்று வாரம் ஆயிற்று.

அந்த அரை மணி நேரம்தான் இன்றும் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. முதல் குலுக்கல் ஆறுவதற்குள் இரண்டாவது அடி பட்டால், குறிப்பாகப் பிள்ளைகளுக்கு, மூளை திடீரென்று வீங்கி உயிருக்கே உலை வைக்கலாம். 2011-ல் வட அயர்லாந்தில் பள்ளி ரக்பி ஆடிய 14 வயது மாணவன் ஒருவன் இப்படித்தான் போனான். அடிபட்டும் அவனை மைதானத்திலேயே விட்டுவைத்திருந்தார்கள். எங்கள் பிள்ளை தலையில் ஹெல்மெட் இருந்ததால்தான் பயிற்சியாளருக்கும் சரி, எனக்கும் சரி, சந்தேகமே வரவில்லை.

கிரிக்கெட் இதையும் தாமதமாகத்தான் கற்றது. 2019 ஆகஸ்டில் லார்ட்ஸில் ஸ்டீவ் ஸ்மித் ஆர்ச்சர் பந்தில் கழுத்தில் அடிபட்டு வெளியே போய், சோதனையில் தேறி, திரும்பி வந்து ஆடி 92-ல் அவுட் ஆனார். மறுநாள் காலைதான் தலை சுற்றியது. அந்த மாதம்தான் ஐ.சி.சி.யின் மாற்று ஆட்டக்காரர் விதி அமலுக்கு வந்திருந்தது. மார்னஸ் லபுஷேன் அவருக்குப் பதில் இறங்கினார். 2020 டிசம்பரில் கான்பெராவில் ஜடேஜாவுக்கு ஸ்டார்க்கின் பந்து ஹெல்மெட்டில் பட, பதிலுக்கு வந்த சாஹல் மூன்று விக்கெட் எடுத்து ஆட்ட நாயகன் ஆனார். ஆஸ்திரேலியர் முணுமுணுத்தார்கள். நம் சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் முதல் முறையாக இருபது ஓவர் சர்வதேசப் போட்டி ஆடியதும் அந்த ஆட்டத்தில்தான். அதனால் எங்கள் வீட்டில் யாருக்கும் சாஹல் நினைவில்லை!

ரக்பி இந்த விஷயத்தில் கிரிக்கெட்டுக்கு அண்ணன். குல்லாயை நம்பாமல் விதியை மாற்றினார்கள். தலையில் மோதும் தடுப்புக்கு 2017 முதல் கடும் தண்டனை. சந்தேகம் வந்தால் ஆட்டக்காரரை வெளியே அழைத்துச் சோதிக்கும் முறை 2012 முதல். 2024 முதல் பெரிய போட்டிகளில் பல்காப்புக்குள் உணர்கருவி வைத்து, தலை எவ்வளவு குலுங்கியது என்று ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் மருத்துவருக்குச் சேதி வருகிறது.

ஆகவே பேரனுக்கு நான் சொன்ன பதில் இது. உன் ஆட்டத்தில் வருவது கல், அதனால் ஓடு வேண்டும், அது கட்டாயம்தான், பேச்சே இல்லை. அவர்கள் ஆட்டத்தில் வருவது ஆள். அந்தக் குல்லாயைக் கட்டாயமாக்கினால் காது பிழைக்கும், பெற்றவர்கள் மூளையும் பிழைத்தது என்று நினைத்துக்கொள்வார்கள். அந்த நினைப்பு கெடுதல். விருப்பம் உள்ளவன் போடட்டும். கட்டாயமாக்க வேண்டியது, அடிபட்டவனை அன்றைக்கு மறுபடி ஆட விடாமல் இருப்பது. நம் டேங்க் பண்ட் சாலையில் பைக்கின் கண்ணாடியில் ஹெல்மெட்டைத் தொங்கவிட்டுப் போகிறவர்கள் வேறு ஜாதி. தார் ரோட்டில் தலை மோதினால் அது விடலைத் தேங்காய்தான். அங்கே இரண்டாவது பேச்சுக்கே இடமில்லை.

பெரியவர்கள் வீட்டில் கவனிக்க வேண்டியது: அடிபட்ட இரண்டு நாளைக்குத் தலைவலி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினால் எழாத தூக்கம், ஒரு கண்மணி பெரிதாகத் தெரிவது, காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் வடிவது, வலிப்பு, குழறல். இதில் எது தெரிந்தாலும் கைவைத்தியம், தைலம் ஒன்றும் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி. "நல்லாத்தானே நடந்து வந்தான்" என்று சொல்லாதீர்கள். ராமன் லம்பாவும் நடந்துதான் போனார்.

ஹெல்மெட் வாங்கும்போது பிரிட்டிஷ் தரக் குறியீடு 7928:2013 உள்ளே ஒட்டியிருக்கிறதா பாருங்கள். கம்பி வலைக்கும் மேல் விளிம்புக்கும் நடுவில் பந்து புகாத இடைவெளியா என்பதைத்தான் அந்தத் தரம் முக்கியமாகச் சோதிக்கிறது. 'வளர்கிற பிள்ளை' என்று தீபாவளிச் சட்டை மாதிரி ஒரு அளவு பெரிதாக வாங்காதீர்கள். பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மாற்றிவிடுங்கள், வெளியே கீறல் இல்லாவிட்டாலும் உள்பஞ்சு நசுங்கியிருக்கும். நெக் கார்டு தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். நான் போன கடையில், "இதை யார் சார் கேக்கறாங்க" என்று பரணிலிருந்து தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார்கள். பேரன் கழுத்து அரிக்கிறது, வேர்க்கிறது என்கிறான். ஸ்டீவ் ஸ்மித்தும் மூச்சு முட்டுகிறது என்று சொல்லித்தான் லார்ட்ஸில் அதை மாட்டாமல் இருந்தார் என்று காட்டிய பிறகு முனகலோடு நிற்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் சங்கத்தின் பொங்கல் விளையாட்டு விழாவில் அப்பாக்களுக்கும் பிள்ளைகளுக்கும் நடக்கும் கிரிக்கெட்டுக்கு இத்தனை வருஷம் டென்னிஸ் பந்துதான். வரும் ஆண்டு கார்க் பந்து வேண்டும் என்று இளைஞர் அணி கேட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். தாராளமாக ஆடட்டும். கார்க் என்றால் மட்டைக்காரர் இருவர், கீப்பர் ஒருவர், ஆக மூன்று ஹெல்மெட் வேண்டும். ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. மற்ற இரண்டுக்கும் செயற்குழு ஏற்பாடு செய்யட்டும்.